காப்புக் கட்டிய கை

அத்தியாயம் 17

ரதீசின் சட்டைக்கு ஐந்து பொத்தான். நாலு மாதமாக அந்த ஐந்தையும் றஞ்சிதாதான் பூட்டிவிடுகிறாள். வழக்கமாக மூன்றாவது பொத்தானுக்கு வரும்போது அவன் ஏதாவது பகிடி விடுவான். இன்றைக்கு ஐந்தும் பூட்டி முடிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

காலரை மடித்துவிட்டபோதுதான் சொன்னான்.

"நான் வரல்ல, புள்ள."

"எங்க வரல்ல?"

"விசாரணைக்குத்தான். கையெழுத்து வச்சாச்சு. முடிஞ்ச கதை. மறுகா அங்க போய் என்னத்தைச் சொல்ற?"

முடிந்த கதையாம். கதை தொடங்கிய நாளை றஞ்சிதா மறப்பாளா?

ஆடி மாதம், ஊர் மாரியம்மன் கோயில் சடங்கின் மூன்றாம் நாள். அக்கரையிலே கனகசூரியம் முதலாளியின் நெல் மில். அங்கே ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஒன்று ரதீசின் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஆசுபத்திரியால் வந்த கையோடு, தொழிலாளர் நட்டஈட்டுக்கு றஞ்சிதாவே எழுதிப் போட்டாள். முதலாளி பக்கத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. 'குடிவெறியில் வேலை செய்தபடியால் வந்த காயம்.'

அவள் கொதித்தாள். அவன் கொதிக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கும் மேலே, முந்தாநாள் அவளுக்குத் தெரியாமல் முதலாளி வீட்டுக்குப் போய், 'வெறியில்தான் இருந்தேன், இனி ஒன்றும் கேட்கமாட்டேன்' என்று எழுதிய கடதாசியில் இடது கையால் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். பதிலுக்கு ஒரு சிறு தொகையும் மில் வாசலில் காவல்காரன் வேலையும்.

கலியாணம் முடித்துப் பத்து வருடம். இந்தப் பத்து வருடத்தில் அவனை வெறியில் அவள் கண்டது இரண்டே தரம். ஒன்று அவளுடைய தமையனின் கலியாண வீட்டில். மற்றது ஊர்க் கழகம் கிண்ணம் வென்ற அன்று. இரண்டு தரமும் அவன் செய்த ஒரே குழப்படி, செருப்போடு பாயில் படுத்து நித்திரை கொண்டது. அப்படிப்பட்ட மனிசன் எதற்காகக் குடிகாரன் பட்டத்தைத் தலையில் தூக்கி வைக்கிறான்? இரண்டு நாளாக அவள் மென்றுகொண்டிருந்தது அந்தக் கேள்வியைத்தான்.

"மச்சாள்! பாதைக்கு நேரமாகுது கா!"

வாசலில் விதுசா. ரதீசின் தங்கச்சி, இருபத்துமூன்று வயது. தை மாதம் கலியாணம். மாப்பிள்ளை சிவதர்சன், அதே மில்லில் கிளாக்கர். நல்ல பெடியன், அமைதியான பெடியன். இன்றைய விசாரணைக்கு முதலாளியின் சாட்சியும் அவன்தான். விதுசாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் தலையை இழுத்துவாரி, பூச்சூடி, பைல் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போருக்குப் போகிறவள்போல நின்றாள்.

"இண்டைக்கு அவர் பொய் சொன்னாரெண்டா தையில கலியாணம் இல்ல, மச்சாள். சீலையைத் திருப்பிக் குடுப்பம்."

"முதல்ல அந்தப் பெடியன் வாயைத் திறக்கட்டும். சீலையைப் பற்றி மறுகா யோசிப்பம். ஆசுபத்திரித் துண்டு பைலுக்குள்ள இரிக்கா?"

"இல்லயே. வீட்டுக்கு அனுப்பேக்க தந்த துண்டைத் தானே கேக்கிற? அது நீங்க வச்சிருந்தது."

"அலுமாரிக்கு மேல..." என்று றஞ்சிதா திரும்ப, "அங்க இல்ல!" என்றான் ரதீஸ்.

தங்கச்சி வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவன் திறந்த வேகம் சரியில்லை.

றஞ்சிதா தன் தையல் மெசின் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். அலுமாரிக்கு மேலே, பழைய தலையணைக்குப் பின்னால், ஆசுபத்திரியில் கொடுத்த பொலித்தீன் பை. கட்டின கட்டு அவிழ்க்கப்படவில்லை. அவிழ்த்தாள். அவனுடைய மணிக்கூடு, பேர்ஸ், மடித்த துண்டு. அடியில் ஒரு சின்னச் சீலைத் துணிக்குள் சுற்றி இன்னொன்று.

மஞ்சள் நூல். ஒரு துண்டு மஞ்சள் கட்டிய நூல். காய்ந்த இரத்தம் பாதி நிறத்தை மாற்றியிருந்தது.

சடங்குக் காப்பு.

தீக்குழி மிதித்துத் தீப்பாய்கிறவர்கள் சடங்கு தொடங்கும் நாளில் பூசாரியார் கையால் வலக்கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டினவன் மீன் இறைச்சி தொடமாட்டான். குடிக்கமாட்டான். தீப்பாய்ந்து, பூசாரியார் காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டமாட்டான். அவர்களுடைய மருதங்கரைக்குக் கிழக்கெல்லை ஆறுதான். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். 'முதலாளி கூப்பிட்டார் எண்டு காப்பை நானே அவிட்டு ஆத்தில விட்டிட்டுத்தான் அக்கரைக்குப் போனன்' என்று ரதீஸ் ஊருக்குச் சொல்லியிருந்தான். ஊரும் நம்பியது. அவளும் நம்பினாள்.

அந்த வருடம் தீப்பாய்ந்ததில் இரண்டு பேருக்குக் கால் வெந்தது. ஆரோ ஒருவன் காப்போடு எல்லை தாண்டிவிட்டான் என்று கடையடியில் இன்றுவரை கதைக்கிறார்கள்.

றஞ்சிதா கதிரையை விட்டு இறங்கினாள். நூலைச் சீலைத் துணியோடு கைப்பைக்குள் வைத்து, கொளுவியை இழுத்தாள்.

"வெளிக்கிடுங்க. ஏழரைப் பாதை போயிரும்."

ரதீஸ் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வரமாட்டேன் என்றவன் பின்னால் நடந்தான்.

*

பாதை என்று அவர்கள் சொல்வது ஆற்றைக் கடக்கிற மிதவையைத்தான். பலகைத் தளம், இரண்டு பக்கம் கம்பி, நடுவில் மோட்டார் சைக்கிள்கள், கரையோரமாகக் கோழிக் கூடையோடு ஒரு மனுசி. கார்த்திகை மழைக்கு ஆறு நிரம்பியிருந்தது. விதுசா முன்பக்கம் போய்த் தனியே நின்றாள். றஞ்சிதா கணவனைப் பின்பக்கக் கம்பிக்குக் கூட்டிப்போனாள்.

"அண்டைக்கும் இதில நிண்டுதான் போனீங்களா?"

அவன் வலது கை வழக்கம்போலக் காற்சட்டைப் பைக்குள். நாலு மாதமாக அந்தக் கை வெளிச்சம் கண்டது வீட்டுக்குள் மட்டும்தான்.

"ஓம்."

"காப்போட?"

"நீளக்கைச் சட்டை போட்டனான். ஒருத்தருக்கும் தெரியல்ல." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு லொறி நிக்குது, பெல்ட் வழுக்குது, புதுப் பெடியனுக்குப் பிடிபடல்ல எண்டு முதலாளி போன் பண்ணினார். நான் காப்புக் கட்டியிருக்கிறன் எண்டன். 'வண்ணக்கர் நான் சொல்றன், போ. ஒரு மணித்தியாலத்தில வந்திரலாம். அம்மாள் கோவிக்கமாட்டா' எண்டார்."

மில் முதலாளி கனகசூரியம்தான் கோயில் நிர்வாகத்துக்கும் தலைவர், வண்ணக்கர். காப்புக் கட்டும்போது பூசாரியாருக்குப் பக்கத்தில் மஞ்சள் தட்டை ஏந்தி நின்றதும் அவர்தான். றஞ்சிதாவுக்கு இப்போது எல்லா முடிச்சும் தெரிந்தது. ரதீஸ் வாய் திறந்தால் ஊர் அவனைச் சபிக்கும். வண்ணக்கர் பதவியும் ஆட்டம் காணும். இரண்டு பேருக்கும் வசதியாக நடுவில் ஒரு போத்தலை வைத்துவிட்டார்கள், குடிக்காத போத்தல்.

"அதுக்காகக் குடிகாரன் எண்டு கையெழுத்தா?"

"குடிகாரன் எண்டா என்னோட போயிரும். காப்போட எல்லை தாண்டினவன் எண்டா? வெந்த காலோட ரெண்டு பேர் இரிக்காங்க. அந்தப் பழியை நான் எங்க கொண்டுபோய் வைக்கிற?" குரல் இறங்கியது. "அதோட... அம்மாள் எனக்குத் தந்த தண்டனை இது. நூல்தான் பெல்ட்டில மாட்டி இழுத்தது. அம்மாள்தான் இழுத்தா. அதுக்கு நான் நட்டஈடு கேக்கிறதா?"

"நூல் மாட்டினதைக் கண்டீங்களா?"

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கை போயிற்று. என்னத்தைக் கண்ட? அப்பிடித்தான் இருக்கும்."

றஞ்சிதா பையைத் திறந்தாள். சீலைத் துணியை விரித்து, நூலைக் கைவிரலில் தொங்கவிட்டு, வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

பன்னிரண்டு வருடமாக நூலோடு சீவிக்கிறவள் அவள். பள்ளிச் சட்டை, கலியாணச் சட்டை, திரைச்சீலை என்று ஊரில் பாதித் துணி அவளுடைய மெசினுக்குள்ளால் போய் வந்தது. வைத்தியர் நாடி பார்க்கிறமாதிரி அந்த நூலை அவள் பார்த்தாள்.

பிறகு சிரித்தாள்.

"என்ன கா சிரிக்கிறாய்?"

"இஞ்ச பாருங்க. முடிச்சு கட்டினபடியே இரிக்கு. ஒரு இடத்தில மட்டும்தான் விட்டிருக்கு. அந்த ரெண்டு நுனியையும் பாருங்க."

"நுனிக்கு என்ன?"

"ஒரே மட்டம். இழுபட்டு அறுந்த நூல் இப்பிடி இருக்காது. பிரி பிரியாக் கழண்டு, பஞ்சாப் போய், ஒண்டு நீண்டு ஒண்டு கட்டையா நிக்கும். என்ட மெசினில நாளைக்குப் பத்துத் தரம் பார்க்கிறன். இது கத்தரிக்கோல் வெட்டு. ஆசுபத்திரியில காயத்தைக் கழுவ முதல் வெட்டி எடுத்திருக்காங்க."

அவன் அந்த நூலைப் பார்த்தான். இடது கையால் வாங்கினான். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். மிதவை நடு ஆற்றைத் தாண்டிவிட்டது. கோழிக் கூடைக்குள் ஒரு கோழி ஓயாமல் கொக்கரித்தது.

"அப்ப... நூல் மாட்டல்ல?"

"நூல் மாட்டல்ல. அந்தப் பெல்ட்டுக்கு மூடி இருந்ததா?"

"திருத்துறதுக்கெண்டு கழட்டி ரெண்டு மாசம். திருப்பிப் போடல்ல."

"அப்ப சும்மா இருந்த அம்மாளைக் குற்றம் சொல்லாதீங்க. அவவுக்கு வேற வேலை இரிக்கு."

அவன் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. நாலு மாதத்துக்குப் பிறகு வந்த விருந்தாளிபோல வாசலில் நின்று எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

"ஊர்?" என்றான்.

"ஊரை ஊர்ல வச்சுப் பார்ப்பம். இண்டைக்கு அந்தக் கந்தோரில நீங்க வெறியில இருந்தீங்களா எண்டு கேப்பாங்க. உங்களுக்குப் பதிலா நான் சொல்லமாட்டன். என்ட வாய் உங்கட வாயை விடப் பெரிசு எண்டு ஊருக்கே தெரியும். ஆனா இதை நீங்கதான் சொல்லவேணும். நூல் என்ட பைக்குள்ள இருக்கும். எடு எண்டா எடுப்பன். இல்லயெண்டா வீட்டுக்குக் கொண்டுபோறன்."

கரை வந்தது. பட்டணத்து பஸ் நின்றது. மூன்று பேரும் ஏறினார்கள்.

*

விசாரணை அறையில் ஒரு மேசை, ஆறு கதிரை, கிறீச்சிடுகிற மின்விசிறி. விசாரணை அதிகாரி பெயர் ஹிதாயா. நாற்பது வயதிருக்கும், தலையை மூடிய முந்தானை, மூக்குக் கண்ணாடி, அவசரப்படாத பேச்சு.

கனகசூரியம் முன்னரே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், சிரித்த முகம்.

"வா மகள், வா. தையல் எல்லாம் எப்பிடிப் போகுது? என்னத்துக்கு இவ்வளவு தூரம் அலைஞ்சநீங்க? ஊருக்குள்ளயே முடிச்ச விசயம்தானே."

"ஊருக்குள்ள முடிச்சதை எனக்குச் சொல்லாம முடிச்சிட்டீங்க, முதலாளி. அதுதான் கேட்டுப்போட்டுப் போவம் எண்டு வந்தன்."

சிரித்த முகம் கொஞ்சம் சுருங்கியது. அவருக்குப் பக்கத்தில் சிவதர்சன், வரவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. அறை வாசலில் நின்ற விதுசாவைக் கண்டதும் நிமிர்ந்தான். அவள் பார்வையைக் கண்டதும் குனிந்தான்.

முதலாளி அந்தக் கடதாசியை மேசையில் வைத்தார். ஹிதாயா இரண்டு தரம் வாசித்தார்.

"இடது கைக் கையெழுத்தா?"

"ஓம் மிஸ்" என்றான் ரதீஸ்.

"கனகசூரியம் ஐயா, இதை நான் கணக்கில எடுக்க ஏலாது. காயம்பட்ட தொழிலாளி தன்ர நட்டஈட்டு உரிமையை விட்டுக்குடுக்கிறன் எண்டு தனியா எழுதிக் குடுத்தா, சட்டத்தில அந்த எழுத்து செல்லாது. அவர் விரும்பி எழுதினாலும் செல்லாது."

றஞ்சிதா ரதீசைப் பார்த்தாள். 'முடிஞ்ச கதை' என்று காலையில் சொன்னவன், மேசையிலிருந்த கடதாசியை முதல்தரம் காண்கிறவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா ஒண்டு" என்று ஹிதாயா விரலை உயர்த்தினார். "வெறியில இருந்து, அதனாலதான் காயம் வந்தது எண்டு நிரூபிச்சா, கதை மாறும். ஆசுபத்திரித் துண்டில அதைப் பற்றி ஒண்டும் எழுதல்ல. இருந்தது எண்டும் இல்ல, இல்லயெண்டும் இல்ல. அப்ப சாட்சிதான்." இன்னொரு தாளை எடுத்தார். "சிவதர்சன். 'அன்று அவரிடம் சாராய மணம் வீசியது.' இது உங்கட வாக்குமூலமா?"

சிவதர்சன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"கையெழுத்து என்ட, மிஸ்."

"நான் கேட்டது எழுதினதைப் பற்றி."

"ரைப் பண்ணித் தந்தாங்க."

"தம்பிக்குக் கொஞ்சம் பயம்" என்றார் கனகசூரியம். "முதல் தரம் இல்லயா, இப்பிடி ஒரு இடத்துக்கு வாறது."

"பயப்பட வேணாம். மணம் வந்ததா, இல்லயா?"

மின்விசிறி கிறீச்சிட்டது. சிவதர்சனின் காது நுனி சிவந்தது. ஒரு பக்கம் சம்பளம் தருகிறவர். மறுபக்கம் வாசலில் பூச்சூடி நிற்கிறவள்.

"அவரை விடுங்க, மிஸ்."

ரதீஸ் எழுந்து நின்றான்.

"கலியாணம் முடிக்கப்போற பெடியன். என்ட காரணத்தால அவர் பொய் சொல்லவும் வேணாம், வேலையை இழக்கவும் வேணாம். நான் சொல்றன்."

வலது கையைக் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தான். எடுத்து, எல்லோரும் பார்க்க மேசை மேலே வைத்தான். அந்தக் கையை வெளியாட்களுக்கு அவன் காட்டியது அதுதான் முதல் தரம். றஞ்சிதாவுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அழுகிற நேரமா அது? பையைத் திறந்து தயாராக இருந்தாள்.

"இந்தக் கையில அண்டைக்குக் காப்பு இருந்தது. அவிட்டிட்டுப் போனன் எண்டு சொன்னது பொய். காப்போடதான் ஆத்தைக் கடந்தன். முதலாளி கூப்பிட்டார், போனன். வெறியில இல்ல. காப்புக் கட்டினவன் குடிக்கமாட்டான். புள்ள, எடு."

அவள் நூலை மேசையில் வைத்தாள்.

ஹிதாயா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "எனக்கு விளங்கச் சொல்லுங்க. காப்புக் கட்டினா என்ன செய்யக்கூடாது?"

றஞ்சிதா சொன்னாள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, குடி இல்லை, எல்லை தாண்டுதல் இல்லை.

"எங்கட நோன்பு மாதிரி?"

"அப்பிடித்தான் மிஸ். நோன்பு மாதிரி, ஆனா கையில கட்டி."

ஹிதாயா மெல்லத் திரும்பினார்.

"ஐயா, உங்கட கடிதத் தலைப்பில கோயில் வண்ணக்கர் எண்டும் போட்டிருக்கு. நீங்களே சொல்லுங்க. காப்புக் கட்டினவர் குடிப்பாரா?"

கனகசூரியம் அந்த நூலைப் பார்த்தார். மேசையில் கிடந்த அந்தச் சின்ன மஞ்சள் துண்டு அவர் ஏந்திய தட்டிலிருந்து எடுத்தது. கோயிலில் மணி அடிக்கும்போது கண்ணை மூடி நிற்கிற மனிதர் அவர், அது நடிப்பில்லை. வியாபாரத்தில் ஆயிரம் பொய் சொல்லலாம். அந்த நூலுக்கு முன்னால் ஒன்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"குடிக்கமாட்டான்" என்றார்.

ஹிதாயா எழுதினார். பேனையின் சத்தம் கேட்டது.

"ஆனா மிஸ்" என்று அவர் உடனே சுதாரித்துக்கொண்டார். "கையில நூலோட மெசினுக்குள்ள கை விட்டது அவன்ட பிழைதானே? நூல் மாட்டித்தான் போயிருக்கும். அதுக்கு நான் எப்பிடி..."

"நூல் மாட்டல்ல, முதலாளி." றஞ்சிதா இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஹிதாயாவின் கண்ணாடிக்கு நேரே காட்டினாள். "பாருங்க மிஸ், கத்தரிக்கோல் வெட்டு. நான் தையல்காரி. இதை எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல."

"மாட்டியிருந்தாலும் கவனக்குறைவு இங்க கேள்வியில்ல" என்றார் ஹிதாயா. "வேலை நேரத்தில, வேலை செய்யப்போய் வந்த காயமா எண்டதுதான் கேள்வி. வேண்டுமெண்டே ஒரு கட்டளையை மீறினாரெண்டா வேற. கையில நூல் கட்டிக்கொண்டு மெசினில வேலை செய்யக்கூடாது எண்டு மில்லில கட்டளை ஏதும் குடுத்திருந்தீங்களா?"

கனகசூரியம் சிவதர்சனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு பதில்தான் இருந்தது. ஆறு வருடமாக அந்தப் பார்வைக்கு அவன் கொடுத்து வந்த பதில்.

சிவதர்சன் வரவுப் புத்தகத்தை மேசையில் வைத்தான்.

"அப்பிடி ஒரு கட்டளையும் இல்ல, மிஸ். பெல்ட்டுக்கு மூடியும் இல்ல. அதைக் கழட்ட ஆள் வந்த திகதி இதில இரிக்கு. ரதீஸ் அண்ணனில மணமும் வரல்ல." ஒரு மூச்சு விட்டான். "நான் எழுதாததில கையெழுத்து வச்சது என்ட பிழை."

வாசலில் பைல் கட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. விதுசா குனிந்து பொறுக்கினாள். நிமிர்ந்தபோது முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் எல்லாம் எழுத்தில் வந்தது. வேலையால் வந்த காயம் என்று பதிந்தார்கள். கையின் இழப்பு எத்தனை வீதம் என்று வைத்தியசபை பார்க்கும். திகதி தபாலில் வரும். அதற்குப் பிறகுதான் தொகை.

எழும்பும்போது ஹிதாயா நூலை ஒரு கடித உறைக்குள் இட்டு, மேலே இலக்கம் எழுதினார்.

"இது இங்க இருக்கவேணும். சான்று."

ரதீஸ் திடுக்கிட்டான். "மிஸ், அது... கோயில் காப்பு."

"பத்திரமா இருக்கும்" என்றார் அவர். "நோன்பின்ர மதிப்பு எனக்கும் தெரியும்."

*

பின்னேரப் பாதையில் கூட்டம் இல்லை. நடுவில் கனகசூரியத்தின் வெள்ளை வாகனம், கண்ணாடி உயர்த்தியபடி. வழக்கமாக அதன் முன் ஆசனத்தில் இருந்து போகிற சிவதர்சன், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி கம்பியோரம் நின்றான். விதுசா அவனுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். பிறகு ஒரு முழம்.

"நாளைக்கு வேலைக்குப் போவீங்களா?"

"வரவேணாம் எண்டு சொன்னா எப்பிடிப் போற?"

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"மச்சாளிட்டத் தையல் பழகலாம் எண்டு யோசிக்கிறன்."

"பொத்தான் பூட்ட மட்டும் பழகுங்க. காணும்."

றஞ்சிதா கேட்காதவள்போல மறுபக்கம் திரும்பினாள். ரதீஸ் அவளருகில், இரண்டு கையையும் கம்பியில் ஊன்றி நின்றான். இரண்டு கையையும். ஆற்றுக் காற்று அந்தக் கையிலும் பட்டது.

"பாதிக் கதையை விட்டிட்டீங்களே" என்றாள் மெதுவாக. "வண்ணக்கர் சொல்லித்தான் போனன் எண்டு சொல்லல்ல."

"முதலாளி கூப்பிட்டது வேலைக் கதை. அதைக் கந்தோரில சொன்னன். வண்ணக்கர் சொன்னது கோயில் கதை. அந்த மிஸ்ஸுக்கு முன்னால எங்கட கோயிலைத் துவைச்சுக் காயப்போடுறதா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் இந்த மனிசனைத்தான் முடிப்பேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றது சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டாள். வாயால் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

"துறையில ஆக்கள்" என்றான் அவன்.

தொலைபேசிக்குப் பாதை தேவையில்லை. அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே கதை ஆற்றைக் கடந்துவிட்டது. துறையில் முப்பது பேராவது இருப்பார்கள். முன்னால் பூசாரியார், சால்வையைத் தோளில் போட்டபடி. அவருக்குப் பின்னால், கால் வெந்த இரண்டு பேரும்.

றஞ்சிதாவின் கை தானாக ரதீசின் கையைத் தேடிப்போனது. மூன்று விரல் இல்லாத கைதான் கிடைத்தது. அது அவள் கையை இறுக்கிப் பிடித்தது.

மிதவை கரையில் முட்டியது. ரதீஸ் முதல் ஆளாக இறங்கினான். பூசாரியார் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் கட்டின காப்பு எங்க?"

"கந்தோரில, பைலுக்குள்ள."

"ஆர் அவிட்ட?"

"ஒருத்தரும் அவிழ்க்கல்ல. ஆசுபத்திரியில வெட்டினது."

"கட்டினது நான். அவிழ்க்கவேண்டியதும் நான்" என்றார் பூசாரியார். "நான் அவிழ்க்கல்ல. அப்ப நீ இன்னும் காப்போடதான் நிக்கிறாய்."

நேற்று வைத்த மீன்கறி றஞ்சிதாவின் ஞாபகத்துக்கு வந்தது. முந்தாநாள் இறால். அதற்கு முதல்நாள் கோழி. மாரியம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பூசாரியார் அவன் கையை விடவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார். கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"சடங்கு நடக்கேக்க, காப்புக் கட்டின ஒருத்தனை எல்லை தாண்டிப் போ எண்டு சொன்னது ஆர்?"

கால் வெந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். ரதீஸ் திரும்பிப் பார்க்கவில்லை; பின்னால் நிற்கும் வெள்ளை வாகனத்தை நோக்கிக் கண்ணைக்கூட அசைக்கவில்லை.

"அதைச் சொல்லவேண்டிய ஆள் நான் இல்ல, பூசாரியார்" என்றான்.

பாதையின் பலகையில் வாகனக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கனகசூரியம் இறங்கினார். கரை மண்ணில் கால் வைக்குமுன், கோயில் வாசலில் செய்வதுபோல, செருப்பைக் கழற்றிப் பலகையிலேயே விட்டார்.